கயிற்றை உருவிய பிறகு

என்.சி.சி. முகாம்களுக்குப் போய்வந்தவர்களுக்கு ‘ராப்பெல்லிங்’ என்ற சொல் பழக்கம்தான். இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு, பாறையில் கால்களை ஊன்றி, உதைத்து உதைத்துக் கீழே இறங்குவது. இறங்குவதற்கான சொல் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இறங்குவது என்ற பொருளே கிடையாது. ராப்பெல் என்றால் திரும்ப அழைத்தல். யாரை அழைக்கிறார்கள்? கயிற்றை. தான் கீழே வந்து சேர்ந்த பிறகு, மேலே மாட்டியிருக்கும் கயிற்றை ‘நீயும் வா’ என்று இழுத்துக்கொள்வது. ஜெர்மன்காரர்கள் இதே வேலைக்கு ‘ஆப்ஸைலன்’ என்று பெயர் வைத்தார்கள். கயிற்றால் கீழே போவது என்று நேரடியான பொருள். இரண்டில் பிரெஞ்சுப் பெயர்தான் விஷயத்தின் முடிச்சைப் பிடித்திருக்கிறது என்பேன்.

மலையேறுகிறவனுக்குக் கயிறு என்பது விழுந்தால் பிடிக்கிற காவல். குகைக்குள் இறங்குகிறவன் கயிற்றை மேலே கட்டிவிட்டு இறங்குகிறான். அவன் திரும்பி வரும்வரை அது அங்கேயே தொங்க வேண்டும், வேறு வாசல் கிடையாது. ஆறு அறுத்துப் போட்ட மலையிடுக்கு இந்த இரண்டிலும் சேராது. கொடைக்கானல் பக்கத்தில் ஆழமான மலைப்பள்ளத்தைக் கெவி என்பார்கள். வெள்ளகெவி என்ற ஊர்ப்பெயரில் அந்தச் சொல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கெவிக்குள் மேல்முனையில் நுழைந்து, அருவி அருவியாக இறங்கி, குட்டைகளை நீந்திக் கடந்து, கீழ்முனையில் வெளியே வருவதைத்தான் அமெரிக்கர்கள் கேன்யனீரிங் என்கிறார்கள், ஐரோப்பியர்கள் கேன்யனிங் என்கிறார்கள். ஒரு கெவியில் பத்து அருவி இருக்கலாம். பத்துக்கும் பத்துக் கயிறு தூக்கிக்கொண்டு போகமுடியுமா? ஒன்று, அதிகம் போனால் இரண்டு. முதல் அருவியில் இறங்கியதும் கயிற்றை உருவி அடுத்த அருவிக்கு எடுத்துக்கொண்டு போகணும். உருவிய அந்த நொடியில் மேலே போகிற வழி மூடிவிடுகிறது. வழுவழுப்பான பாறைச்சுவரில் யாரும் திரும்ப ஏறிவிட முடியாது. அப்புறம் திசை ஒன்றுதான்.

யார் எந்த இடுக்கில் முதலில் இறங்கினார் என்ற பட்டியலை வைத்து இந்த விளையாட்டின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு சுவாரசியமாகப் படவில்லை. கயிற்றை எப்படித் திரும்ப வாங்கினார்கள், வாங்கிய பிறகு என்ன ஆனார்கள் என்பதில்தான் கதை இருக்கு.

கதை ஆல்ப்ஸ் மலையில் ஆரம்பிக்கிறது. எட்வர்ட் விம்ப்பர் லண்டனில் மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழிலாளி. ஆல்ப்ஸ் காட்சிகளை வரைந்து வரச்சொல்லி ஒரு பதிப்பாளர் அனுப்ப, மலைப்பைத்தியம் பிடித்துத் திரும்பியவர். 1862இல், 22 வயதில், மேட்டர்ஹார்ன் சிகரத்தில் தனியாக ஏறிப்பார்த்தார். தனியாகப் போகிறவனுக்கு ஒரு சங்கடம். கயிற்றைப் பாறையில் கட்டி இறங்கினால் முடிச்சை அவிழ்க்க மேலே ஆள் இல்லை. விம்ப்பர் அதற்கு ஒரு இரும்பு வளையம் செய்துகொண்டார். கயிற்றின் ஒரு நுனியில் வளையம். கயிற்றைப் பாறைக்கொம்பில் சுற்றி வளையத்துக்குள் விட்டு இழுத்தால் சுருக்கு இறுகிவிடும். வளையத்தில் தனியாக ஒரு மெல்லிய, உறுதியான நூல். இறங்கும்போது அந்த நூலும் கூடவே கீழே வரும். தரையில் கால்பட்டதும் நூலை இழுத்தால் வளையம் நகர்ந்து சுருக்கு தளர்ந்து, கயிறு மொத்தமும் கீழே வந்து விழும். 1871இல் வெளியான தன் புத்தகத்தில் இதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒரு பருமனான கயிறு தாங்க, ஒரு மெல்லிய நூல் அதை மீட்க என்ற அந்த ஏற்பாட்டைத்தான் இன்று யூட்டா மாநிலத்து இடுக்குகளில் இறங்குகிறவர்களும் செய்கிறார்கள். பொருள்கள் மாறியிருக்கின்றன, யோசனை மாறவில்லை.

அதே விம்ப்பர் 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டு இறங்கும்போது, ஏழு பேரில் நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். இடையில் கயிறு அறுந்ததால்தான் விம்ப்பரும் இரண்டு வழிகாட்டிகளும் பிழைத்தார்கள். அறுந்தது கொண்டுபோனவற்றிலேயே மெல்லிசான கயிறு. அந்தத் துண்டு இன்றும் ட்செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் காலத்துக் கயிற்றின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கு அது போதும்.

ராப்பெல் என்ற முறையைக் கண்டுபிடித்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறவர் ஷமோனி பள்ளத்தாக்கைச் சேர்ந்த மலைவழிகாட்டி ழான் ஷார்லே. 1876இல் பெட்டி ட்ரூ என்ற ஊசிப்பாறைச் சிகரத்தில் தனியாக ஏறி, முடியாமல் திரும்பினார். திரும்பும்போது செய்த காரியம்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. கயிற்றை நடுவில் மடித்துப் பாறைக்கொம்பில் போட்டார். இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்து இறங்கினார். கீழே வந்ததும் ஒரு இழையை மட்டும் இழுத்தார். கயிறு கொம்பைச் சுற்றி ஓடி வந்து விழுந்தது. வளையம் வேண்டாம், தனி நூல் வேண்டாம். ஆனால் கயிற்றின் பாதி நீளம்தான் இறங்கமுடியும் என்பது இதன் விலை. மூன்று வருடம் கழித்து, 1879இல், இரண்டு துணையோடு அதே சிகரத்தை ஏறி முடித்தார். இன்னொரு விஷயமும் சொல்லணும். தான் வழிகாட்டியாகக் கூட்டிப்போன இசபெல்லா ஸ்ட்ராட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணியை அவர் மணந்துகொண்டார். குடும்பப் பெயரே ஷார்லே-ஸ்ட்ராட்டன் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் மனைவி பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட மலைக்காரன்!

கயிறு வந்துவிட்டது, ஆனால் அதில் உடம்பை எப்படி மாட்டுவது? கையால் பிடித்துச் சறுக்கினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். முதல் உலகப்போருக்கு முந்தைய சில வருடங்களில் ஹான்ஸ் ட்யூல்ஃபர் என்ற ஜெர்மானிய இளைஞரின் பெயரால் ஒரு முறை பரவியது. கயிறு இரண்டு கால்களுக்கு நடுவே போய், ஒரு தொடையைச் சுற்றி, மார்பின் குறுக்கே ஏறி, எதிர்த் தோளைத் தாண்டி முதுகு வழியாக இறங்கிக் கைக்கு வரும். உடம்பேதான் பிரேக். உபகரணம் என்று ஒன்றும் கிடையாது. தடித்த கால்சட்டையும் தோளில் ஒரு துணியும் இல்லையென்றால் தொடையும் கழுத்தும் தீய்ந்துபோகும். ட்யூல்ஃபர் 1915இல் ஆராஸ் போர்க்களத்தில் இறந்தார், வயது 23. அவர் பெயர் கொண்ட அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் அடுத்த நாற்பது, ஐம்பது வருடம் பலர் பாறைகளில் இறங்கினார்கள். அருவிக்குள்ளும் அப்படியேதான்.

இதெல்லாம் சிகரம் ஏறியவர்களின் கதை. கெவிக்குள் போனவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு விளையாட்டு நோக்கமே கிடையாது, நிலத்தை அளக்கணும் அல்லது தண்ணீர் தேடணும்.

1869இல் ஜான் வெஸ்லி பவெல் பத்துப் பேராக, நான்கு படகில், கிரீன் ஆற்றிலும் கொலராடோ ஆற்றிலும் இறங்கி கிராண்ட் கேன்யன் வழியாக வெளியே வந்தார். பவெல் உள்நாட்டுப் போரில், ஷைலோ சண்டையில், வலது கையை இழந்தவர். ஓட முடியாத வேகச்சுழல் வந்தால் அவர்கள் படகைக் கயிற்றில் கட்டி, கரையில் நின்றுகொண்டு மெதுவாகக் கீழே விடுவார்கள். ஒரு அருவியைத் தாண்டிப் படகை இறக்கிவிட்டால் ஆற்றுக்கு எதிராக அதை மேலே ஏற்ற வழியே கிடையாது. கயிற்றை உருவின மாதிரிதான். ஆகஸ்ட் 28 அன்று ஒரு சுழலைப் பார்த்து மூன்று பேர் இதற்குமேல் வரமாட்டோம் என்று பாறை ஏறி வெளியே போனார்கள். அவர்கள் உயிரோடு ஊர் சேரவில்லை. அதே நாள் இன்னொரு சுழலில், ஜார்ஜ் பிராட்லி உட்கார்ந்திருந்த படகைக் கயிற்றில் இறக்கினார்கள். கயிறு நீளம் போதவில்லை. படகு வெள்ளத்தின் நடுவே கயிற்றில் தொங்கிப் பாறைச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. பிராட்லி கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தார். அதற்குள் கயிறு கட்டியிருந்த முன்கட்டையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. படகு சுழலுக்குள் பாய்ந்தது, பிராட்லி துடுப்போடு மறுபக்கம் உயிரோடு வந்தார். ஓடுகிற தண்ணீரில் ஒருவரைக் கயிற்றில் கட்டி வைப்பதுதான் ஆபத்து, விட்டுவிடுவதே சில நேரம் பாதுகாப்பு என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியவில்லை. கீழே இதற்குத் திரும்ப வருகிறேன்.

அந்தப் பயணத்திலேயே இன்னொரு சம்பவம். பாறை ஏறிக்கொண்டிருந்த பவெல் ஒரு இடத்தில் முன்னும் போகமுடியாமல் பின்னும் வரமுடியாமல் ஒற்றைக் கையில் மாட்டிக்கொண்டார். மேலே நின்ற பிராட்லியிடம் கயிறு இல்லை. தன் நீளமான உள்கால்சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டார். பவெல் பிடியை விட்டு, அந்தத் துணியை எட்டிப் பிடித்து மேலே வந்தார். அமெரிக்க நில ஆய்வின் வரலாற்றில் ஜட்டிக்கு ஒரு இடம் உண்டு. இதே கொலராடோ பீடபூமியில், 2003இல், ஏரன் ரால்ஸ்டன் என்ற இளைஞரின் வலது கை ஒரு உருண்ட பாறைக்கடியில் சிக்கியது. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ படம் அவர் கதைதான். கையை அறுத்த காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன்பிறகு அவர் ஒற்றைக் கையால் 65 அடிப் பாறையில் கயிறு மாட்டி இறங்கவேண்டியிருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 134 வருட இடைவெளியில் இரண்டு ஒற்றைக்கைக்காரர்கள்!

கொலராடோ மாநிலத்தில் கன்னிசன் ஆறு ஓடும் கரும்பள்ளத்தாக்கில் 1901இல் ஆபிரகாம் லிங்கன் ஃபெலோஸ் என்ற பொறியாளரும் வில்லியம் டோரன்ஸும் இறங்கினார்கள். ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கம் வழியாக வறண்ட வயல்களுக்குத் திருப்பமுடியுமா என்று பார்க்கணும். டோரன்ஸ் அதற்கு முந்தின வருடம் மரப்படகுகளோடு போய்த் தோற்று, பாதியில் ஏறி வந்தவர். இந்தமுறை படகே வேண்டாம் என்று ஒரு ரப்பர் காற்று மெத்தையும் பட்டுக் கயிறுகளும் எடுத்துக்கொண்டார்கள். சுமந்து ஏறவும் உருவி எடுக்கவும் பட்டு இலகு. ஆறு பாறைக்குவியலுக்கு அடியில் புகுந்து மறைந்த இடத்தில், மறுபக்கம் வழி இருக்குமா என்று தெரியாமலே தண்ணீரோடு உள்ளே போனார்கள். உணவு தீர்ந்த நேரத்தில் எதிர்ப்பட்ட காட்டாட்டைக் கத்தியால் கொன்று தின்றார்கள். 33 மைல் கடந்து வெளியே வந்தார்கள். கன்னிசன் சுரங்கத்தை 1909இல் அதிபர் டாஃப்ட் திறந்துவைத்தார். என் கணக்கில் உண்மையான முதல் கேன்யனீரிங் இதுதான்: குறைந்த சுமை, நீச்சல், கயிறு, திரும்ப முடியாமை நான்கும் இதில் இருக்கு. ஃபெலோஸிடம் கேட்டிருந்தால் பாசன வேலை என்றுதான் சொல்லியிருப்பார்.

பிரான்சில் எதுவார் அல்ஃப்ரெட் மார்தெல் என்ற வழக்கறிஞர் இருந்தார். குகை ஆய்வின் தந்தை என்பார்கள். 1889இல் பாதிராக் என்ற 75 மீட்டர் பாதாளக்குழியில் இறங்கி உள்ளே ஓடும் ஆற்றைப் பார்த்தவர். அவர் கருவிகள் நூலேணி, மடக்குப் படகு, கீழிருந்து மேலே பேசத் தொலைபேசி. நூலேணி என்றால் பல பத்து மீட்டருக்குச் சணல் கயிறும் மரப்படிகளும். அதை வண்டியில் கொண்டுவரணும், மேலே ஆட்கள் நின்று பாதுகாப்புக் கயிற்றைப் பிடிக்கணும். மார்தெலின் முறை முழுக்க ‘மேலே ஆள் இருக்கிறார்கள்’ என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. குகைக்கு அது சரி.

1905 ஆகஸ்ட்டில் அவர் வெர்தோன் ஆற்றின் பெரும் இடுக்குக்கு வந்தார். சில இடங்களில் 700 மீட்டர் வரை ஆழம். இதுவும் தண்ணீர் பற்றிய அரசு வேலைதான். கூடவே அவருடைய பழைய கூட்டாளி லூயி அர்மான் என்ற கொல்லர், தூலோன் பொறியாளர் அர்மான் ழானே, பக்கத்து ரூகோன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளாங்க். படகுகள் பாறைகளில் அடிபட்டுச் சிதைந்தன. தொலைபேசியால் பயனில்லை, யாரிடம் பேசுவது? நாட்கணக்கில் நனைந்து, நீந்தி, பாறைகளில் தொற்றி வெளியே வந்தார்கள். இன்று அங்கே நடைபாதைக்கு மார்தெல் பெயர். பிளாங்க் பெயரையும் அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. ஆனால் இவர்களுக்கும் முன்னால் அந்தச் சுவர்களில் கயிறு கட்டி இறங்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. எகீன் கிராமத்தில் பெத்தாங்க் போன்ற விளையாட்டுக்கு மரப்பந்துகள் கடைவார்கள். அதற்குக் கெட்டியான பாக்ஸ்வுட் வேர்க்கட்டை வேண்டும். அது விளைவது இடுக்கின் உட்சுவர்களில். கூலிக்குக் கட்டை வெட்டியவர்கள் கயிற்றில் இறங்கி வெட்டினார்கள். அவர்கள் பெயர் எந்தப் பாதைக்கும் வைக்கப்படவில்லை. தேன் எடுப்பவர்களுக்கும் மலையேறும் துரைகளுக்கும் இடையில் நம் ஊரில் இருக்கும் வித்தியாசமேதான்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு நனைந்த கயிற்றின் கனம் கையிலேயே தெரியும். சணல் கயிறு தண்ணீர் குடித்து ஊதும், விறைக்கும், முடிச்சு அவிழாது. பாறையில் மடித்துப் போட்டு இழுத்தால் உராய்வு கூடி அசையவே அசையாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மக்கியிருக்கும். சிகரத்தில் கயிறு எப்போதாவது நனையும். கெவியில் எப்போதும் நனைந்தே இருக்கும். அதனால் 1940கள் வரை கயிற்றை உருவி உருவிப் பல அருவிகள் இறங்குவது ஒரு சூதாட்டம்தான். வாலஸ் கரோதர்ஸ் 1935இல் டூபாண்ட் ஆய்வகத்தில் உருவாக்கிய நைலான், போருக்குப் பிறகு மலைக்காரர்கள் கைக்கு வந்தபோது எல்லாம் மாறியது. மக்காது, இலகு, நனைந்தாலும் ஓடும். கிரெனோபிள் பக்கம் தாந் த க்ரோல் மலைக்குள் இறங்கிய பியேர் ஷெவாலியேவின் குழு அந்தப் பத்தாண்டிலேயே நைலான் கயிற்றைக் குகைக்குள் கொண்டுபோனது. அந்தக் குழுவில் இருந்த ஃபெர்னான் பெட்ஸ்ல் கருவிகள் செய்வதில் கைதேர்ந்தவர். இன்று கயிறு வேலை செய்கிறவர்கள் தலைவிளக்கிலும் இறங்குகருவியிலும் பார்க்கிற பெயர் அவருடையது. 1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் உள்ளே இழைகளும் வெளியே பின்னிய உறையுமாக ஒரு கயிறு செய்தது. உறை தேயும், உள்ளே தாங்கும் இழைக்கு ஒன்றும் ஆகாது. கரடுமுரடான மணற்பாறையில் இழுபடுகிற கயிற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

கயிறு சரியானதும் அடுத்த பிரச்சினை தெரிய ஆரம்பித்தது. மலைக்காரர்களின் பாடம் அருவிக்குள் உதவவில்லை. பாறையில் இறங்கும்போது கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடு, நுனியைத் தாண்டி விழமாட்டாய் என்பது அவர்கள் விதி. அருவியில் அந்த முடிச்சே ஆளைக் கொல்லும். கீழே சுழலும் குட்டைக்குள் முடிச்சு உன்னைக் கயிற்றோடு பிடித்துவைத்துவிடும். பிராட்லியின் படகு மாதிரி. அதனால் ஓடும் நீரில் முடிச்சுப் போடுவதில்லை. கயிற்றின் நுனி தண்ணீர்மட்டத்தைத் தொடுகிற அளவுக்கு மட்டும் நீளம் விட்டு, இறங்கியவன் தானாக நழுவி நீந்திப்போகும்படி வைக்கிறார்கள். நடுவழியில் தலைமுடியோ சட்டையோ இறங்குகருவியில் சிக்கி அருவிக்கடியில் தொங்கினால் சில நிமிடங்கள்தான் அவகாசம். ஆகவே மேலே கயிற்றை நிரந்தரமாகக் கட்டாமல், தேவைப்பட்டால் தொங்குகிறவனோடு சேர்த்துக் கீழே விடும்படி ஒரு கருவியில் பூட்டி வைப்பார்கள். கட்டுவதைவிட விடுவதற்கு அதிகம் யோசித்த கயிற்றுக்கலை இது.

அமெரிக்காவின் தென்மேற்கில் 1970களில் ஸையான் பகுதியின் மணற்பாறை இடுக்குகளில் சின்னச் சின்னக் குழுக்கள் இறங்க ஆரம்பித்தன. தோள் அகலம்கூட இல்லாத இடுக்குகள். பாறைக்கொம்பு இல்லாத இடத்தில் கல்லை மணலில் புதைத்து அதில் பட்டையைக் கட்டுவார்கள். 1986இல் மைக்கேல் கெல்சியின் வழிகாட்டிப் புத்தகம் வந்ததும் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகியதும் உருவிய கயிறுகள் பாறை விளிம்புகளில் விரல் ஆழத்துக்கு வரிவரியாகத் தடம் அறுத்தன. கிணற்றுச் சுவரில் கயிறு அறுத்த தடம் போலவே.

1993 ஜூலையில் ஸையானை ஒட்டிய கோலோப் ஓடையில் மூன்று பெரியவர்களும் ஐந்து பதின்வயதுப் பையன்களும் இறங்கினார்கள். மேலே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் விடப்பட்டிருந்தது. ஓடையில் எதிர்பார்த்ததைவிட வேகம் அதிகம். இறங்கி, கயிற்றை உருவி, அடுத்த இறக்கத்துக்குப் போனபோதுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது. பெரியவர்களில் இருவர் அடுத்தடுத்து மூழ்கினார்கள். மிச்சம் ஆறு பேர் மேலேயும் போகமுடியாமல் கீழேயும் போகமுடியாமல் ஒரு பாறைத்திண்டில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள், மீட்புக்குழு வரும்வரை. கயிறு அவர்கள் பக்கத்திலேயே சுருட்டிக் கிடந்தது.

இன்று பழகியவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு. முதல் ஆள் கீழே இறங்கியதும் கயிற்றின் இழுக்கிற பக்கத்தை ஒரு முழம் இழுத்துப் பார்க்கிறார். ஓடினால் மேலே சத்தம் கொடுக்கிறார். ஓடாவிட்டால், மேலே இன்னும் ஆள் இருப்பதால், முடிச்சை நகர்த்தி வைக்கலாம். கடைசி ஆள் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கா என்று விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு இறங்குகிறார். எல்லோரும் கீழே நிற்கிறார்கள். வானத்தை ஒருதடவை பார்க்கிறார்கள், தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார்கள். கலங்கலாக இருந்தால் கயிறு அப்படியே தொங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். இல்லையென்றால் ஒருவர் இழுக்கிறார்.